இரண்டு கிலோ ஈயம்

கார்ட் என்பது தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில் ஓடும் குட்டி வண்டி. கதவு கிடையாது, கூரை கிடையாது. புல்வெட்டும் இயந்திரத்துக்குச் சக்கரம் மாட்டியதுபோல் கத்தும். பதினோரு வயதுப் பேத்தியை அதில் உட்கார வைத்து என் மகன் ஊர் ஊராகப் பந்தயத்துக்குக் கொண்டு போனான். அவனுக்குக் கப்பலூரில் லேத் பட்டறை. வாரம் ஆறு நாள் இரும்பு, ஏழாம் நாளும் இரும்பு என்று நான் சொல்வேன். மதுரையில் பந்தயத் தடம் கிடையாது என்பதால் ஒவ்வொரு சுற்றுக்கும் கோயம்புத்தூர், சென்னை என்று டெம்போவில் வண்டியை ஏற்றிக்கொண்டு போவார்கள். திங்கட்கிழமை காலையில் பேத்தி பள்ளிக்கூடத்தில் தூங்கி விழுவாள்.

கல்லூரியில் நாற்பது வருடம் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். யாராவது பேத்தியைப் பற்றி விசாரித்தால், "பொம்மைக் கார் ஓட்டுது" என்பேன். அலங்காநல்லூரில் மாட்டின் முன்னால் நிற்கிறவனையாவது ஊரில் நாலு பேருக்குத் தெரியும், இதை எவன் பார்க்கிறான் என்பேன். அவள் காதிலும் அது விழுந்திருக்கிறது. அப்படியிருந்தும் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் என் அறை வாசலில் வந்து நிற்பாள். "தாத்தா, ஒரே ஒரு தடவை வந்து பாருங்களேன்." நான் செய்தித்தாளைத் திருப்புவேன்.

அந்த வருடக் கடைசிச் சுற்று கோயம்புத்தூரில். சென்னைப் பையன் ஒருவனைவிட இரண்டே புள்ளிகள் பின்னால் இருந்தாள். அவனுக்கு முன்னால் முடித்தால் பட்டம் அவளுக்கு. மருமகள் நர்ஸ். அந்த ஞாயிற்றுக்கிழமை டூட்டியை மாற்றிக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை. பிள்ளைக்கு வேளாவேளைக்குச் சோறு கொடுக்க ஒரு ஆள் தேவைப்பட்டது. அப்படித்தான் நான் போனேன்.

கிளம்பும்போது மருமகள் கூடையை என் மடியில் வைத்தாள். "மாமா, ஞாயித்துக்கிழமைக்குத் தங்குற எடத்துல இட்லியும் தயிர்சாதமும் சொல்லி வச்சிருக்கேன். பத்து மணிக்கு இட்லி, பன்னெண்டரைக்குச் சாதம், ரேசுக்கு முன்னாடி இந்தப் பாட்டில் நெறைய எலுமிச்சை ஜூஸ். மறந்துறாதீங்க."

"நாப்பது வருசம் பாடம் எடுத்தவனுக்கு ஒரு பிள்ளைக்குச் சோறு போடத் தெரியாதாக்கும்?"

அந்த ஞாயிறு வைகுண்ட ஏகாதசி. எங்கள் வீட்டில் பல் முளைத்த எல்லோருக்கும் அன்று உபவாசம். மறுநாள் காலை அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் இலையில் விழும்வரை தண்ணீர்கூடக் கிடையாது. என் தகப்பனார் காலத்து வழக்கம். மகன் தலையெடுத்த பிறகு அது போய்விட்டது. இந்த வண்டியால்தான் போனது என்று எனக்கு ஓர் எண்ணம். சனிக்கிழமை இரவு பேத்திக்கு இரண்டு வாழைப்பழம் மட்டும் கொடுத்துவிட்டுச் சொன்னேன்: "நாளைக்கு நீ பச்சைத் தண்ணி படாம இரு. நான் வந்து ஒன் ரேசை முழுசாப் பாக்குறேன்."

"நெசமாவா தாத்தா?"

"நெசமா. ஆனா யார்ட்டயும் சொல்லக்கூடாது. சொன்னா விரதத்தோட பலன் போயிரும்."

இந்தக் கடைசி வாக்கியம் எந்தச் சாஸ்திரத்திலும் கிடையாது. மகனுக்குத் தெரிந்தால் விடமாட்டான் என்பதற்காக நானே சேர்த்தது.

மறுநாள் அவள் பட்டினி கிடந்தாள். நான் கிடக்கவில்லை. எனக்குச் சர்க்கரை வியாதி, மாத்திரை போட்டாக வேண்டும். அவளுக்கென்று வந்த இட்லியில் நான்கை நான் தின்றேன். மீதியையும் தயிர்சாதத்தையும் டெம்போ டிரைவரிடம் நீட்டினேன். "பாப்பா சாப்பிடலையா சார்?" என்றார். "சாப்பிட்டாச்சு, நீ சாப்பிடு" என்றேன். ஜூஸைச் செடிக்கு ஊற்றினேன். மகன் எஞ்சினுக்குள் தலையை விட்டிருந்தான்.

தடத்தைச் சுற்றி மடக்கு நாற்காலிகளில் தகப்பன்மார்கள். ஒவ்வொருவன் முகத்திலும் கறுப்புக் கண்ணாடி. டயர் காற்றைப் பற்றி நாட்டின் பாதுகாப்பைப் பேசுவதுபோல் பேசினார்கள். பார்க்கப் பார்க்க எனக்கு இளக்காரமாக இருந்தது. கொடி இறங்கியது. மூன்றாவது சுற்றில் பேத்தி ஒரு வளைவின் உள்பக்கமாக நுழைந்து அந்தச் சென்னைப் பையனைத் தாண்டினாள். நான் எழுந்து நின்றிருக்கிறேன். கத்தியும் இருக்கிறேன். கூடவே கத்திய மகன் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தது நினைவிருக்கிறது. பதினைந்து சுற்றையும் பார்த்தேன். அவள் முதலாவதாக வந்தாள்.

பந்தயம் முடிந்ததும் வண்டியையும் ஓட்டியவரையும் சேர்த்து எடை போடுவார்கள். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் ஓட்டியது செல்லாது. ஒல்லியான பிள்ளைகளுக்கு இருக்கையின் பின்னால் ஈயத் தகடு வைத்துப் போல்ட் போட்டு எடையைச் சரிக்கட்டுவார்கள். மகன் சனிக்கிழமை மாலை, வயிற்றில் சோறும் தண்ணீருமாக இருந்தவளை நிறுத்துப் பார்த்து, அரைக் கிலோ கூடுதலாக விட்டு ஈயம் மாட்டியிருந்தான்.

"முந்நூறு கிராம் கம்மி சார்" என்றார் எடை பார்த்தவர்.

"இன்னொரு தடவை போடுங்கண்ணே."

போட்டார். அதே முந்நூறு.

பின்னாலிருந்து ஒரு கறுப்புக் கண்ணாடி சொன்னது: "வெயிட்டக் கொறச்சு ஓட்டுனா நாங்களும்தான் ஜெயிப்போம்."

மகன் அவன் பக்கம் திரும்பவில்லை. "என் கணக்குத்தான் தப்பு" என்றான். பேத்தி ஹெல்மெட்டைக் கழற்றி என்னை ஒரு தரம் பார்த்தாள். உதடு வெடித்திருந்தது. வாயைத் திறக்கவில்லை.

மருமகள் போன் செய்தாள். "சாப்பிட்டாளா மாமா?"

"எல்லாம் சாப்பிட்டா."

இதோடு முடிந்திருந்தால்கூட நான் எப்படியோ மறந்திருப்பேன். ஆனால் மறுவருடம் மகன் இரண்டு கிலோ ஈயத்தை அதிகமாக மாட்டினான். "இனி ஒருத்தன் வாயிலயும் அந்தப் பேச்சு வரக்கூடாது" என்றான். முதல் பந்தயத்தில் ஆறாவது. அடுத்ததில் ஏழாவது. அதற்கடுத்ததில் மறுபடி ஆறாவது. "வளைவை விட்டு வண்டி எந்திரிக்கவே மாட்டேங்குதுப்பா" என்று அவள் சாப்பாட்டு மேசையில் சொல்வாள். அதே விசை, கூடுதல் நிறை, முடுக்கம் குறையும். முதலாண்டு மாணவர்களுக்கு முதல் வாரத்தில் நடத்துகிற பாடம். அதை நடத்திய ஆள் எதிரே உட்கார்ந்து ரசத்துக்கு உப்புப் போதவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு சாயங்காலம் அவள் என் அறைக்கு வந்தாள். "எனக்கு ஓட்டத் தெரியலையோ தாத்தா? போன வருசம் வண்டி லேசா இருந்ததாலதான் ஜெயிச்சேனாம். எல்லாரும் சொல்றாங்க." விரதத்தைப் பற்றி அப்போதும் அவள் பேசவில்லை. பலன் போய்விடும் என்று இன்னும் நம்பிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் டவுன் பஸ்ஸில் கப்பலூர் போனேன். பட்டறைச் சத்தத்துக்கு மேல் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. மகன் லேத்தை நிறுத்தினான். "ஏகாதசியா?" என்றான். பிறகு, "தண்ணி கூடவா குடுக்கல?" மூலையில் நின்ற வண்டியிடம் போய் ஸ்பேனரை எடுத்து இரண்டு போல்ட்டைக் கழற்றினான். தகடுகளைக் கொண்டுவந்து என் கையில் வைத்தான்.

"எம்புட்டுக் கனம்னு பாருங்க. நாலு மாசம் அவ இதத் தூக்கிட்டு ஓட்டியிருக்கா. வீட்டுக்குக் கொண்டு போய் அவம்மாட்ட நீங்களே சொல்லுங்க."

பஸ்ஸில் அதை மஞ்சள் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். மருமகள் முழுவதையும் நின்றபடியே கேட்டாள். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்த இட்லியெல்லாம் யாரு மாமா சாப்பிட்டது?"

"நான் நாலு. மிச்சம் டிரைவர்."

அவள் சிரித்தாள். என்னிடம் படித்த எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்து நான் அப்படிச் சிரித்திருக்கிறேன். என்னைப் பார்த்து ஒருவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

கடைசிச் சுற்றுக்கு என்னை அழைத்துப் போகவில்லை. நானும் கேட்கவில்லை. மத்தியானம் பேத்தி போன் செய்தாள். "ரெண்டாவது தாத்தா! எடையும் சரியா இருந்துச்சு." பின்னால் எஞ்சின்கள் கத்திக்கொண்டிருந்தன. அதற்கு மேல் குரலை உயர்த்தி, சாதாரணமாகத்தான் கேட்டாள்: "நீங்க சாப்பிட்டீங்களா?"