ஆந்தை ஊர்க்காரியின் கல்

மெல்பேர்னுக்கு வடக்கே தோமஸ்டவுனில் நாங்கள் குடியிருந்தபோது, பக்கத்து வீட்டில் வட கிரேக்கத்து மலைக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த அங்கிள் இருந்தார். கோடை முடிகிற வாரங்களில் அவரும் அவருடைய தமக்கையும் பின்வளவில் விறகு மூட்டி, தகரத்தின் மேல் சிவப்புக் குடைமிளகாய்களைச் சுட்டு, தோலுரித்துப் போத்தல்களில் அடைப்பார்கள். உரிப்பதற்கு எங்களையும் கூப்பிடுவார்கள். சூட்டில் சிவந்த விரல்கள் மறுநாளும் எரியும்.

உரிக்கும்போது அங்கிள் ஊர்ப்பெயர்களைச் சொல்வார். அவருடைய ஊரின் பழைய பெயர் பூஃப். அவர்கள் வீட்டில் பேசிய மொழி கிரேக்கம் அல்ல; அந்த மொழியில் அது பெரிய ஆந்தையைக் குறிக்கும். கிரேக்க அரசாங்கம் பின்னர் அதை அக்ரிதாஸ் என்று கிரேக்கப் பெயராக்கியது. எல்லைக் காவலன் என்று பொருள். அப்படியே பானிட்ஸா வெவி ஆயிற்று, ஷெலேவோ அந்தார்த்திக்கோ ஆயிற்று.

"படுக்கேக்க ஒரு ஊர், எழும்பேக்க வேற ஊர்," என்பார். "ஆந்தையளுக்கு மட்டும் ஒருத்தரும் அறிவிக்கேல்லை."

எனக்கு அந்த ஆந்தை ஊரை மிகவும் பிடித்துப்போயிற்று.

ஓர் ஆண்டு அவர்களுடைய தாயார் இறந்தார். இலங்கையில் நில அளவைப் படம் வரைந்த என் அப்பா, இங்கே கல்லறைக் கல் செய்யும் பட்டறை ஒன்றில் எழுத்து வரைந்துகொண்டிருந்தார். ஆகவே கல்லின் வேலை அவரிடம் வந்தது. பிறந்த ஊரை எழுதும் இடத்தில் வேலை நின்றுபோனது. பழைய பெயர் என்றார் அங்கிள். புதிய பெயர் என்றார் தமக்கை. மிளகாய் சுட்ட ஒரு நாளில், அப்பாவுக்கும் விளங்கவேண்டும் என்பதற்காக இருவரும் ஆங்கிலத்திலேயே சண்டை பிடித்தார்கள். தீர்ப்புச் சொல்லும் பொறுப்பும் அவர் தலையிலேயே விழுந்தது. அவர்கள் ஊர்ப்பக்கத்தார் நிறைந்த அந்தத் தெருவில் எந்தப் பக்கமும் சேராத ஆள் அவர் ஒருவர்தான்.

"அம்மா ஆந்தை ஊர்க்காரி. மற்றப் பேரை அவ ஒருநாளும் வாயால சொன்னதில்லை," என்றார் அங்கிள்.

"ஆந்தையையோ கல்லில வெட்டுறது?" என்று என் அம்மா தமிழில் முணுமுணுத்தார்.

"பேசாம இரும்," என்றார் அப்பா.

தமக்கை கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தார். "பள்ளிக்கூடத்தில அந்தப் பேரைச் சொல்லி அடி வாங்கினது நான். நீ அப்ப பிறக்கவே இல்லை. அம்மாவையாவது ஒருத்தரும் ஒண்டும் கேக்காமக் கிடக்க விடு."

தகரத்தில் மிளகாய்கள் கருகின. யாரும் திருப்பிப் போடவில்லை. அப்பா தோள்கள் தொங்கக் குந்தியிருந்தார்.

"அக்கா சொல்லுறதையே போடுவம்," என்றார் கடைசியில்.

அங்கிள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். நியாயம் பழைய பெயரின் பக்கம் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அப்பாவுக்குக் களைப்பு, சீக்கிரம் வீட்டுக்குப் போகப் பார்த்தார் என்றுதான் நினைத்தேன்.

கல் நட்டு மாதங்கள் போயும் அங்கிள் எங்களுடன் பேசவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலிக்கு மேலால் அப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

"உன்ர கல்லில எந்த ஊரைப் போடுவினம்?"

"எங்களுக்குக் கல் இல்லை. எரிக்கிறது."

"இருந்தா?"

"கொழும்பு."

நான் சிரித்துவிட்டேன். அப்பா வடக்கே ஒரு சிறிய ஊரில் பிறந்தவர். கொழும்பு எங்களுக்கு விமானம் ஏறப் போன இடம் மட்டுமே. அங்கிளைச் சமாதானப்படுத்தப் பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். அங்கிள் சிரிக்கவில்லை. வேலிமேல் கிடந்த அப்பாவின் கையின்மேல் தன் கையை வைத்தார்.

இலங்கையில் ஒரு இராணுவச் சோதனைச் சாவடியில், அப்பா தன் ஊர்ப்பெயரைச் சொன்ன பிறகுதான் அவரைப் பஸ்ஸிலிருந்து இறக்கி அடித்தார்கள். பெரியப்பா எனக்கு அதைச் சொன்னபோது எனக்கே பிள்ளை பிறந்துவிட்டிருந்தது. வேலியருகே நின்ற அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், அப்பா முகத்தில் ஒன்றும் காட்டாமல் நன்றாகப் பகிடி விடுவார் என்பதுதான்.