முப்பதாயிரத்து முப்பத்தொன்று

எங்கள் பேக்கிங் பிரிவில் அவருக்கு வகுத்தலக்கா என்று பெயர். பேருந்துச் சீட்டோ வண்டி எண்ணோ, கண்ணில் பட்டதைப் பிரித்துப் போடாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. பதினோரு வருடமாக எந்தச் சரக்கையும் மிச்சமில்லாமல் பெட்டிகளில் அடைத்தவர். ஆறு வருடமாக வீட்டுக்காரர் வேறு ஊர்க் கிளையில், இவர் இங்கே. இடமாற்ற விண்ணப்பம் மேலாளரின் மேசையில் தவம் கிடந்தது. கையெழுத்துப் போட அன்று சாயங்காலம் ஐந்து மணிதான் கெடு.

அன்று பார்த்து அந்த எண் வந்து தொலைத்தது. நாங்கள் செய்வது மின் மீட்டருக்குப் போடும் முத்திரை வில்லைகள். ஒவ்வொன்றிலும் வரிசை எண் உண்டு என்பதால் ஒன்றைக்கூடத் தூக்கி எறிய முடியாது. எல்லாப் பெட்டியிலும் ஒரே எண்ணிக்கை இருக்க வேண்டும் என்பது வாங்குபவரின் பிடிவாதம். கேட்டது முப்பதாயிரத்து முப்பது. தங்கமான எண், இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று, பதின்மூன்று என்று எதால் வகுத்தாலும் மிச்சம் வராது. இயந்திரமோ கூடுதலாக ஒன்றை அடித்து வைத்துவிட்டது. இப்போது அந்த ஆறில் எதால் வகுத்தாலும் ஒன்று மிஞ்சிப் பல்லிளித்தது.

"இது பகா எண்மா, விட்டுடுங்க," என்றார் இன்ஜினியர், அந்த ஆறோடு கை கழுவிவிட்டு.

"இத சமமா அடைச்சுக் குடுங்க, உடனே கையெழுத்து," என்றார் மேலாளர்.

அக்கா மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. அட்டையின் பின்புறத்தில் பதினேழு, பத்தொன்பது, இருபத்துமூன்று என்று ஏறிக்கொண்டே போனார். நாற்பத்தேழில் இரண்டே இரண்டு குறைந்தது, அழுதேவிட்டார். ஐம்பத்துமூன்றும் கைவிட்டது. நாலு மணிக்கு என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"அம்பத்தொம்பதுடி! பெட்டிக்கு அம்பத்தொம்பது, ஐநூத்தி ஒம்பது பெட்டி. ஒண்ணுகூட மிஞ்சல!"

நானும் அவரோடு மேலாளர் அறைக்குப் போனேன். அட்டையைப் பார்த்த மனிதருக்கு வாயெல்லாம் பல். விண்ணப்பத்தை எடுத்து, பேனா மூடியைத் திறந்தவர், என்ன நினைத்தாரோ, மறுபடி மூடினார்.

"இவ்வளவு மூளைய வேற கிளைக்கு அனுப்பிட்டு நான் என்னம்மா பண்றது? அடுத்த வருஷம் பாக்கலாம்."

விண்ணப்பம் இழுப்பறைக்குள் போனது. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன். அந்தக் கோழைத்தனம் இன்றும் உறுத்துகிறது.

மறுவாரம் மேலாளரே ஒரு சீட்டோடு எங்கள் பிரிவுக்கு வந்தார். நாலாயிரம் வில்லை என்று எழுதியிருந்தது.

"இத எப்படிம்மா பிரிக்கலாம்?"

அக்கா அதையே வெகுநேரம் பார்த்தார். "இது வகுபடாதுங்க சார்."

மேலாளர் விழுந்து விழுந்து சிரித்தார். "பாத்தீங்களா, தமாஷ் வேற பண்றாங்க!"

"நெஜமாத்தான் சார். எனக்கு இப்பல்லாம் ஒண்ணுமே புரிய மாட்டேங்குது." அக்கா கையைக் கூப்பினார். "என்னைய அங்கயே அனுப்பிடுங்க சார்."

மேலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.