தோட்டம் என்று எழுதியிருந்தது

எங்கள் பக்கத்தில் தோட்டம் என்றால் ஒன்றுதான். தேயிலை, அதற்குள் லயம் என்கிற வரிசை வீடுகள், லயத்துக்குள் நாங்கள். பூச்செடி வைத்த இடத்தை வாசல் என்போம். லீக்ஸ், கோவா போட்ட இடம் மரக்கறிக் காணி. இதை இப்போது விளக்கி எழுதுவதால் ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

பஸ் நிற்கும் பாதையிலிருந்து எங்கள் லயத்துக்கு இறங்க எழுபது படிகள். தேயிலைக்கு நடுவே கருங்கல்லை அடுக்கிப் போட்டவை. வீடுகளில் மின்சாரம் உண்டு, படிகளில் கிடையாது. மழை மாதங்களில் ஐந்தரைக்கே மூட்டம் இறங்கிவிடும். சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த என் மகள் ஹட்டனில் டியூஷன் முடிந்து வரும்போது ஆறேகால் ஆகும். ஐந்து மணியிலிருந்தே அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருப்பேன்.

பிள்ளைகள் எல்லோரும் வருகிற வழிதானே என்று, லயத்துக்காரர்கள் சேர்ந்து படிகளின் ஓரம் பெரிய சோலார் விளக்கு ஒன்று போட முடிவெடுத்தோம். ஹட்டனில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் முதலாளி ஒன்றை எங்களுக்காக எடுத்து வைத்திருந்தார். வாங்கப் போன அன்றுதான் அவர் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த அறிவித்தலைப் படித்தேன். வீட்டு மற்றும் தோட்ட சூரிய சக்திப் பொருட்களுக்கு வரிச் சலுகை. விண்ணப்பித்து அனுமதி பெற்றவர்களுக்கு வரி கழித்த விலை.

“மொதலாளி, இது தோட்டத்துக்குன்னு போட்டிருக்கே?”

“போட்டிருக்குதான் டீச்சர். ஒட்டச் சொன்னாங்க, ஒட்டினேன். எதுக்கும் விசாரிச்சுப் பாருங்க. லைட்ட இன்னைக்கே கொண்டு போறதுன்னாலும் கொண்டு போங்க.”

நான் கொண்டு போகவில்லை.

நான் தோட்டத்து முன்பள்ளி ஆசிரியை. உயர்தரம் வரை படித்தவள். லயத்துக்கு எந்தக் கடிதம் வந்தாலும் முதலில் என் கைக்குத்தான் வரும். அன்று மாலை குழாயடியில் நின்றவர்களிடம் சொன்னேன்: “அவசரப்படாதீங்க. தோட்டத்து ஆளுகளுக்குன்னே வரிய எடுத்திருக்காங்க. கொஞ்சம் பொறுத்தா ரெண்டு லைட்டாவே வாங்கலாம்.”

பக்கத்து வீட்டு அக்கா, கொழுந்து எடுக்கிறவர், குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார். “நம்மள நெனச்சா? நாம இங்கிட்டு இருக்கிறது அவங்களுக்கு யாரு சொன்னாங்களாம்?”

“எழுத்துல இருக்குக்கா. நானே படிச்சேன்.”

“டீச்சரே படிச்சிட்டா அப்புறம் என்ன.”

அந்தப் பேச்சிலேயே எல்லோரும் காத்திருக்கச் சம்மதித்துவிட்டார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் நானே விண்ணப்பம் நிரப்பினேன். காணி உறுதிப் பத்திர இலக்கம் கேட்ட கட்டத்தில், தோட்டத்து லயம் என்று அழகான கையெழுத்தில் எழுதினேன். மழை வலுத்தது.

இரண்டு மாதம் கழித்து, விண்ணப்பம் அனுப்பிய அலுவலகத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். சிங்கள அதிகாரி ஒருவர், சாந்தமான மனிதர், “ஒப்புவ?” என்று காணி உறுதியைக் கேட்டார். லயம் எங்கள் பெயரில் இல்லை, ஆனால் சலுகையே தோட்டத்துக்குத்தானே என்றேன். அவர் அறிவித்தலை என் பக்கம் திருப்பினார்.

“வத்த நெமெய் மிஸ். கெவத்த.”

வத்த அல்ல, கெவத்த. வத்த என்றால் எங்கள் தோட்டம். கெவத்த என்றால் சொந்த வீட்டைச் சுற்றிப் பூ வைக்கிற தோட்டம். படங்களைக் காட்டினார். புல்தரை ஓரம் குத்திவைக்கும் குட்டி விளக்குகள், மீன் தொட்டிக்கான நீர்ப்பம்பு. அவருடைய பாஷையிலும் அந்த இரண்டு சொற்களும் ஒட்டிக்கொண்டுதான் கிடக்கின்றன. அதனால் என் பிழை அவருக்குப் புரிந்தது. சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடக் கோபப்பட்டுக்கொண்டு வந்திருப்பேன்.

திரும்பும்போது அந்தக் கடையைத் தாண்டித்தான் வந்தேன். உள்ளே போகவில்லை. லயத்திலும் சொல்லவில்லை. டீச்சர் தப்பாகப் படித்துவிட்டார் என்று எப்படி ஆரம்பிப்பது? நாளைக்குச் சொல்லலாம் என்று நான்கு நாள் போனது.

நான்காம் நாள் மாலை, ஒரு கையில் குடை, மறு கையில் டோர்ச் போட்ட போன். அப்படித்தான் மகள் இறங்கியிருக்கிறாள். அடுப்படியில் நின்ற எனக்கு ஒரு சத்தம் மட்டும் கேட்டது. கொழுந்துச் சாக்கைப் போட்டது போல. கம்பளியில் வைத்து அதே படிகளில் மேலே தூக்கிப் போனார்கள். நான் பின்னால் ஏறினேன். டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை அவள், “புத்தகப் பை எங்கம்மா?” என்றே கேட்டுக்கொண்டிருந்தாள்.

முழங்கால் இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. ஒப்பரேஷன் ஆனது. இனி முழுதாக மடங்காது என்றார்கள்.

மாற்றுத் துணி எடுக்க நான் வீட்டுக்கு வந்த அன்று, படியோரம் விளக்கு நின்றது. முழு விலை கொடுத்து அவர்களே வாங்கி நட்டிருந்தார்கள். விண்ணப்பம் என்ன ஆனது என்று ஒருவரும் கேட்கவில்லை. அக்காவிடம் நானாகவே சொன்னேன்.

“அது நமக்கில்லக்கா. போன வாரமே தெரியும். நான்தான் வாயத் தொறக்கல.”

அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். “தோட்டம்னுதானே எழுதியிருந்துச்சு?”

“ஆமா.”

“அது சரி. நாலு நாளு ஏன் டீச்சர்?”

துணிப் பையை எடுத்துக்கொண்டு படியேறினேன்.

மகள் பரீட்சை எழுதவில்லை. அடுத்த வருடம் எழுதுவேன் என்று மறுபடியும் டியூஷன் போகிறாள். வரும்போது படிகளில் உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே ஒவ்வொன்றாக இறங்குகிறாள். என்னைத் தொட விடுவதில்லை. விளக்கு நன்றாகவே எரிகிறது. கீழே வாசலில் நின்று எழுபது படிகளையும் தெளிவாகப் பார்க்கிறேன்.