துரை மாட்டிய காற்றுப்பை

முதல் காற்றுப்பையை நான்தான் தைத்தேன். வாய் அகன்று வால் குறுகிய ஒரு துணிக்குழல், அவ்வளவுதான். போடிமெட்டுக்குப் பக்கத்தில் எங்கள் எஸ்டேட்டிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிக்கயிற்றில் தொங்கியபடி அடிவாரத்துக்கு இறங்கிய காலம் அது. மலைமுகட்டுப் பாறையில் ஒரு கம்பம் நட்டு, அதில் இந்தப் பையை மாட்டியிருந்தார்கள். பை நிமிர்ந்து பறந்தால் காற்று கடுமை, கயிற்றை நிறுத்த வேண்டும், தொங்கினால் ஓட்டலாம். என்ஜின் கொட்டகைக்குள் இருப்பவருக்கு வெளியே காற்று எப்படி என்று சொல்ல வேறு எதுவும் கிடையாது. என் அண்ணனுக்கு அந்தக் கயிற்றில்தான் வேலை. கயிற்றில் தொங்கி ஓடும் காலித் தொட்டியில் ஏறிப் போய், பள்ளத்தின் நடுவே நிற்கும் இரும்புத் தூண்களின் சக்கரங்களுக்குக் கிரீஸ் வைத்துவிட்டு வருவான். அவன் உயிர் அந்தத் துணியில் இருக்கிறது என்று நினைத்துத்தான் ஒவ்வொரு தையலும் போட்டேன்.

எங்கள் மேனேஜர் துரைக்கு விவரம் போதாது என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எல்லாம் தெரிந்த மனிதர் அவர். இங்கே நாளெல்லாம் மூடுபனி, கனத்த துணி நனைந்தால் எழும்பாது என்று சொல்லி, மெல்லிய மல் துணியை எடுத்துக் கொடுத்ததே அவர்தான். பையின் வாயில் இருக்கும் இரும்பு வளையம் காற்று வரும் பக்கமெல்லாம் தானாகத் திரும்ப வேண்டும் என்று கொல்லரிடம் சுழலும் முளை அடிக்கச் சொன்னதும் அவர்தான். காற்றை மறைக்கிறது என்று பாறைக்குப் பக்கத்தில் நின்ற யூகலிப்டஸ் மரங்களைக்கூட வெட்டிப் போட்டார். அண்ணன் அவ்வப்போது கம்பத்தில் ஏறி அந்த முளைக்கு எண்ணெய் விடுவான். "ஒம் பை பொய் சொல்லாதுட்டி" என்று என்னிடம் பெருமையடிப்பான்.

கம்பெனி முதலாளிகள் சீமையிலிருந்து வருகிறார்கள் என்றதும் துரைக்குப் புத்தி மாறிப்போயிற்று. மல் துணி வெளுத்து நைந்திருந்தது உண்மைதான். புதிது தைக்க எனக்கு அரை நாள் போதும். ஆனால் அது காயப்போட்ட பாவாடை மாதிரி இருக்கிறதாம், எஸ்டேட்டுக்கே கேவலமாம். பெட்டிகளை மூடுகிற கித்தானில் புதுப் பை தைக்கச் சொல்லி, எஸ்டேட் பெயரைச் சிவப்புப் பெயிண்டில் எழுத வைத்தார். அந்த எழுத்து பங்களா வராந்தாவிலிருந்து தெரிய வேண்டுமே! அதற்காக, வளையம் திரும்பாதபடி இரண்டு இரும்புப் பட்டைகள் போட்டுக் கம்பத்தோடு சேர்த்து முடுக்கிவிட்டார்கள். இப்படி மாட்டினால் பை காற்றைக் காட்டாது என்று அண்ணன் துரையிடம் போய்ச் சொன்னான். "அவங்க போனதும் மாத்திரலாம்" என்றார். அவர்கள் வந்தார்கள், டீ குடித்தார்கள், போனார்கள். பை அப்படியே நின்றது. மறுபடி கேட்டதற்கு "பாக்கலாம்" என்றார். பார்க்கவே இல்லை.

ஆனி மாதம் ஒரு காலையில், அண்ணனின் தொட்டி தூணை நெருங்கும்போது பள்ளத்திலிருந்து காற்று ஏறியது. கொட்டகையில் இருந்தவர் ஜன்னல் வழியே பார்த்தார். நனைந்த கித்தான் கம்பத்தோடு ஒட்டிக்கொண்டு தொங்கியது. அவர் கயிற்றை ஓட்டிக்கொண்டே இருந்தார். தொட்டி ஆடிப் போய்த் தூணில் மோதியதில் அண்ணனின் வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிவிட்டது. உயிர் தங்கியது கர்த்தருடைய கிருபை.

விசாரிக்க அடிவாரத்திலிருந்து ஓர் இன்ஜினீயர் வந்தார். தப்பு அண்ணன்மேல் என்றாகிவிட்டால் வேலையும் போகும், கம்பெனி கொடுத்த லயத்து வீடும் போகும், வைத்தியமும் நின்றுவிடும். "தொட்டியில எந்திரிச்சு நின்னு ஆட்டியிருக்கான்" என்று துரை கூசாமல் சொன்னார். அன்றைக்குப் பேய்க்காற்று அடித்தது என்று லயமே திரண்டு சொன்னது அவர் காதில் ஏறவில்லை. பை தொங்கியது, ஆகவே காற்று இல்லை. இத்தனை மனிதர்களின் வாய்ச்சொல்லுக்கு இல்லாத மதிப்பு, பெயிண்ட் அடித்த ஒரு கித்தானுக்கு! இன்றைக்கும் போடிமெட்டில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது முந்தானை காற்றில் பறந்தால் எனக்கு அந்த நியாயம்தான் நினைவுக்கு வருகிறது.

இன்ஜினீயருக்கு இடத்தைக் காட்டப் பாறைக்குப் போனார்கள். அண்ணனையும் கயிற்றுக்கட்டிலோடு தூக்கிக்கொண்டு போனோம். அன்றைக்கும் அதே மூடுபனி, அதே காற்று. சேலையைப் பிடித்துக்கொள்ள எனக்கு இரண்டு கை போதவில்லை. எதிரே கித்தான் பை சொட்டச் சொட்டத் தொங்கிக்கொண்டிருந்தது. நாங்களும் கேட்கட்டும் என்று துரை தமிழிலேயே பேசினார். ஒரு கையை நீட்டிப் பையைக் காட்டி, "பாருங்க, தொங்குது. அன்னைக்கும் இப்படித்தான். காத்து இல்ல" என்றார். மற்றக் கையால் தலைத்தொப்பியை அழுத்திப் பிடித்திருந்தார்.

அண்ணன் கட்டிலில் கிடந்தபடியே சொன்னான். "அப்பம் தொப்பில இருந்து கைய எடுங்க தொர."

இன்ஜினீயர் நிமிர்ந்து துரையைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டார். துரை கையை எடுக்கவில்லை. தப்பு இவன்மேல்தான் என்று, தொப்பியைப் பிடித்தபடியே தீர்ப்பும் சொன்னார். இன்ஜினீயர் அதையே எழுதிக்கொண்டார். அந்த வாரமே லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு, அண்ணனைக் கட்டிலோடு சுமந்துகொண்டு மலையிறங்கினோம்.