டெல்மரின் சாப்பாட்டுப் படி

டெல்மர் ஸ்டாம்பர் வாரம் முழுக்க டயர் கடையில் வேலை பார்ப்பவர். மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு மட்டும் சிப்பாய். எங்கள் கென்டக்கி மலைப்பக்கத்தில் பாதி வீடுகளில் இப்படி ஒருவர் உண்டு. கொடியில் காயும் சீருடையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஆறு பெருகி ஊருக்குள் வந்தபோது ஆளுநர் இந்தப் பகுதிநேரப் படையைக் கூப்பிட்டார். டெல்மர் போய்ச் சேறு வாரினார், தண்ணீர்ப் பெட்டிகள் சுமந்தார். முன்பு வெளிநாட்டுக்குப் போனபோது வீட்டு வாடகைக்குத் தனியாகப் பணம் வந்தது. அது அதிபர் கூப்பிட்ட வேலை. இது மாநில வேலை; உடுப்பு ஒன்றுதான், பணப்பை வேறு. இதில் தினக்கூலியும் சாப்பாட்டுக்கு ஒரு சின்னப் படியும்தான்.

டயர் கடைச் சம்பளம் நின்றுபோயிருந்தது. தினக்கூலி வாடகைக்கே சரியாகப் போயிற்று. பிக்கப் வண்டியின் தவணை பாக்கி. மாதக் கடைசிக்குள் கட்டாவிட்டால் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். கடைக்குப் போக பஸ் கிடையாது. அந்தப் படியைத்தான் டெல்மர் நம்பியிருந்தார். சர்ச்சில் இலவசமாகப் போட்ட சாப்பாட்டைத் தொட்டால் படி போய்விடுமோ என்று, பிஸ்கட்டையும் கடலை வெண்ணெயையும் தின்றே நாட்களை ஓட்டினார்.

ஒரு மத்தியானம் சார்ஜென்ட் நேபியர் அவரைத் தனியே கூப்பிட்டாள்.

"ஸ்டாம்பர், படி வராதுப்பா."

"ஏன் சார்ஜென்ட்?"

"சர்ச்சுல சமைச்சுப் போடுறாங்கல்ல? சாப்பாடு கிடைக்கிற எடத்துல சாப்பாட்டுக் காசு கெடையாது."

"நான் ஒரு வாய்கூடச் சாப்பிடலையே!"

"நீ சாப்பிட்டியாங்கிறத யாரும் கேக்கல. அடுப்பு எரியுதான்னுதான் கேக்குறாங்க. இன்னியோட நமக்குப் போடுறத நிறுத்தச் சொல்லு, மிச்ச நாளுக்குப் படி கேட்டு நான் எழுதித் தரேன். யாரு அங்க சமைக்கிறது?"

"என் பொண்டாட்டி" என்றார் டெல்மர்.

சர்ச் சமையலறையில் ஜெனிவா பீன்ஸ் சட்டியைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"நாளையிலேர்ந்து எங்க ஆளுங்களுக்குச் சமைக்காத."

"ஏன், உப்பு தூக்கலா?"

சார்ஜென்ட் சொன்னதை அவர் சொன்னார். அவள் கரண்டியை நிறுத்தினாள்.

"அப்போ நான் கிண்டக் கிண்ட நம்ம வண்டி கரையுதா?"

"ஊர்க்காரங்களுக்குப் போடு. எங்களுக்கு மட்டும் வேணாம்."

"ஒரே சட்டி, டெல்மர். கிழவர் ஈசாக்குக்கு ஊத்திட்டு, வெள்ளத்துலேர்ந்து அவரத் தோள்ல தூக்கிட்டு வந்தவனுக்கு இல்லைங்கவா? நீயே போய்ச் சொல்லு. சொல்லிட்டு வா, கரண்டிய வெச்சிடுறேன்."

டெல்மர் கதவுப்பக்கம் பார்த்தார். வரிசையில் அவருடைய ஆட்கள் ஈரக் காலுறைகளோடு நின்றிருந்தார்கள். ஒருவன் சுவரில் சாய்ந்தபடி, நின்றவாக்கிலேயே தூங்கிக்கொண்டிருந்தான். ஒரு தட்டை எடுத்தார்.

"வண்டி போயிடும்."

"போனா உங்க கடையில வேலை பாக்குற ஹார்லன் வண்டியில போ. அவன் வாய் ஓயாது, பொறுத்துக்க." சோளரொட்டியில் பெரிய துண்டாகப் பார்த்து வைத்தாள். "வண்டிய வித்துச் சாப்பிடுறோம். மிச்சம் வெக்காத."

அவர் மிச்சம் வைக்கவில்லை. இன்னொரு தரமும் தட்டை நீட்டினார்.

மாதக் கடைசியில் இழுவை வண்டி வந்தபோது டெல்மர் பணியில் இருந்தார். சாவியைக் கொடுத்தது ஜெனிவாதான். கொடுப்பதற்கு முன் வண்டிக்குள்ளிருந்து அவருடைய மழைக்கோட்டை எடுத்து வைத்துக்கொண்டாள். ஹார்லனின் வண்டியில் ஜன்னல் மூடாது.