சவரி அண்ணனும் உட்காராத விருந்தாளியும்

காஹாங் வட்டாரத்துப் பெருமக்களே, சவரி அண்ணனை அறிந்தவர்களே, ஓர் உறுதிமொழியோடு தொடங்குகிறேன். இனி நான் சொல்லப்போகும் கதையை உங்களில் ஒருவரும் நம்பப் போவதில்லை. கதை நடந்தபோது பக்கத்திலேயே இருந்தவள் என் மனைவி லெட்சுமி. அவளே நம்புவதில்லை.

செய்தி வந்த காலையில் நான் பாசாரில் கெம்போங் மீனுக்கு விலை பேசிக்கொண்டிருந்தேன். சிங்கப்பூரிலிருந்து விடுப்பில் வந்திருந்த அண்ணனின் மகள் மேரி போனில் கூப்பிட்டாள்.

"மாமா, அப்பா போய்ட்டாரு."

"எங்கம்மா போயிருப்பாரு? எங்க வீட்டு கேட்டுலதான் நின்னுக்கிட்டு இருப்பாரு, போய்ப் பாரு" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மோட்டார் சைக்கிளை அணைக்காமல் எங்கள் கேட்டில் நின்று, "போறேன் மச்சான், போறேன்" என்று சொல்லிச் சொல்லியே ஒரு மணி நேரம் பேசுகிற மனிதர், அன்று சொல்லாமலே போயிருந்தார். மீன்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, நிறுக்காமலே மீனைப் பையில் போட்டார்.

அவர் செம்பனை எண்ணெய் டேங்கர் ஓட்டியவர் என்பது உங்களுக்குத் தெரியும். ஆலையிலிருந்து பாசிர் கூடாங் துறைமுகம் வரைக்கும் அவர் கால் படாத மைல்கல் கிடையாது. அவர் டேங்கர் வளைவில் திரும்பும்போது குனோங் லம்பாக் மலை கொஞ்சம் தள்ளி நின்று வழிவிடும். நானே பார்த்திருக்கிறேன். ஆனால் மனைவி ரீத்தா அக்கா இறந்த பிறகு, எந்த வீட்டுக்குப் போனாலும் அவர் உட்கார்ந்ததில்லை. லெட்சுமி கேட்டுப் பக்கமே நாற்காலியைத் துடைத்துப் போடுவாள். "காலமெல்லாம் உக்காந்தே வேல பாத்தாச்சு தங்கச்சி. இனிமே நின்னுதான் பேசுவேன்" என்பார். சாயாவையும் நின்றபடிதான் குடிப்பார், அதுவும் பாதிதான்.

இந்த மாவீரரை வீடியோ கேம் ஆட வைத்தவள் மேரி. போனில் அப்பாவும் மகளும் பேசுவது இரண்டே வாக்கியம். "சாப்டியாம்மா?" "சாப்டேன்பா." அதோடு வைத்துவிடுவார்கள். எத்தனை நாளைக்கு இப்படி என்று யோசித்த மேரி, லீவில் வந்தபோது அப்பாவுக்கு ஒரு லேப்டாப் வாங்கிக் கொடுத்து, நால்வர் சேர்ந்து ஆடும் ஒரு மாயாஜால விளையாட்டைப் போட்டுக் கொடுத்தாள். பூதங்களும் டிராகன்களும் உலாவும் உலகம் அது. நால்வர் வேண்டுமே என்று நானும் லெட்சுமியும் எங்கள் வீட்டிலிருந்து சேர்ந்துகொண்டோம். மேரி அம்பு விடுவாள். அண்ணன் கேடயம் பிடிப்பார். அடிபட்டவர்களுக்கு மருந்து போடுவது, அசல் வாழ்க்கையிலும் கிளினிக்கில் வேலை பார்க்கும் லெட்சுமி. நான் வாள் வீசுவேன். என் வாளுக்கு அஞ்சி மெர்சிங் கடலே பின்வாங்கியதாகக் கேள்வி.

எங்கள் பகைவன் டிராகன் அல்ல, டிராகன் வைத்திருந்த பெயர்கள். அந்த விளையாட்டில் ஒவ்வொரு மிருகமும் அடிப்பதற்கு முன்னால் அடியின் பெயர் திரையில் மின்னும். ஆங்கிலத்தில் இருக்கும். தமிழில் சொன்னால் 'நேற்றைய உப்பின் பொறுமை', 'வெள்ளிக் கழுதையின் தீர்ப்பு', 'ஒன்பதாம் மணியின் புலம்பல்' என்று வரும். அது என்ன என்று நாங்கள் யோசித்து முடிப்பதற்குள் நான்கு பேரும் செத்துக் கிடப்போம்.

"அலமாக்! வாலால அடிக்கப் போறான்னா, வாலால அடிக்கப் போறேன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?" என்று ஒருநாள் அண்ணன் வெடித்தார். "பேரு வெச்சவன் பட்டினி கிடந்து வெச்சிருக்கான் லா. பேருன்னா காதுல விழுந்த உடனே காலு ஓடணும்."

அன்றே எல்லா அடிகளுக்கும் மறுபெயர் சூட்டு விழா நடந்தது. வெள்ளிக் கழுதையின் தீர்ப்பு என்பது வால் வீச்சு. அண்ணன் அதற்கு 'லாரி ரிவர்ஸ்' என்று பெயர் வைத்தார். அந்தச் சொல் கேட்டதும் நாங்கள் நால்வரும் முன்பக்கம் வந்துவிடுவோம். ஒன்பதாம் மணியின் புலம்பலில் மேலிருந்து கல் விழும். அது 'செம்பனைக் குலை' ஆயிற்று. தோட்டத்துக் காற்றைக் குடித்து வளர்ந்த எவருக்கும் அதைக் கேட்டால் கால் தானே விலகும். நேற்றைய உப்பின் பொறுமை நகர்கிறவனை மட்டும் கொல்லும், அசையாமல் நின்றால் ஒன்றும் செய்யாது. அதற்குச் சிங்கப்பூர்ப் பாலத்து வண்டி நெரிசலின் பெயரை மேரி வைத்தாள்: 'காஸ்வே ஜேம்'.

"பாத்தியா மச்சான், என் மகளோட மூளைய!" என்று மறுநாள் கேட்டில் நின்று அவர் பெருமைப்பட்ட சத்தத்தில் லாயாங் லாயாங் ஸ்டேஷனில் ரயில் கிளம்பிவிட்டது.

ஆனால் கடைசி எதிரி எலும்பு ராஜா. அவனிடம் ஓர் அடி இருந்தது: 'உட்காராத விருந்தாளி'. பெயர் மின்னியதும் எங்கள் நடுவே சாம்பல் நிறத்தில் ஓர் உருவம் வந்து சும்மா நிற்கும். வெட்டினோம், ஓடினோம், ஒளிந்தோம். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் செத்துவிழுவோம். மறுபெயர் வைக்க முடியாத ஒரே அடி அதுதான். நான் ரகசியமாக அதைச் 'சவரி அண்ணன்' என்று அழைத்துவந்தேன். லெட்சுமி ஒருநாள் அவர் காதுபடவே சொல்லிவிட்டாள். அவர் சிரித்த சிரிப்பில் எங்கள் கேட்டின் துரு உதிர்ந்தது.

அப்போதுதான் அந்த அறிவிப்பு வந்தது. விளையாட்டை நடத்திய நிறுவனம் மாதக் கடைசி ஞாயிறு மாலையோடு அதை இழுத்து மூடப்போகிறதாம். அண்ணன் கேட்டில் வந்து நின்றார். அன்று "போறேன்" என்று சொல்லவில்லை.

"அந்த ராஜாவ ஒரு தடவையாவது சாய்ச்சிரணும் மச்சான். அதுக்கு மேல அவளும் நானும் எதப் பத்திப் பேசறது? திரும்பவும் சாப்டியா, சாப்டேன்தான்."

கடைசி ஞாயிறு பிற்பகல் மழை கொட்டியது. அண்ணன் வீட்டில் வைஃபை போய்விட்டது. லேப்டாப்பைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். ரீத்தா அக்கா போன பிறகு முதன்முறையாகக் கேட்டைத் தாண்டி உள்ளே வந்தார். வந்தவர், லேப்டாப்பை எங்கள் பிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு நின்றபடியே ஆடினார்!

போர் மூண்டது. லாரி ரிவர்ஸ் போயிற்று, செம்பனைக் குலை போயிற்று. கடைசியில் உட்காராத விருந்தாளி வந்து நின்றான். மருந்து போட்டுக்கொண்டிருந்த லெட்சுமி, எரிச்சலில் பிரிட்ஜ் பக்கம் திரும்பிக் கத்தினாள்.

"ஐயோ, நீங்க நிக்கிறதப் பாத்தாலே எனக்கு ஆட்டமே ஓடல! முதல்ல உக்காருங்க!"

ஸ்பீக்கரில் இதைக் கேட்ட மேரி, அத்தை சொன்னால் மறுபேச்சு ஏது என்று தன் அம்பு வீராங்கனையை அங்கேயே உட்கார வைத்துவிட்டாள். நாங்கள் மூவரும் செத்தோம். மேரி மட்டும் உயிரோடு இருந்தாள்.

"அப்பா! உக்காரணும்பா! விருந்தாளி நிக்கிறாருன்னா நாம முதல்ல உக்காரணும்!"

மறுமுறை விருந்தாளி வந்தபோது நால்வரும் அந்தப் பாழ் மண்டபத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தோம். உருவம் எங்களைப் பார்த்தது. பிறகு அதுவும் உட்கார்ந்தது. எலும்பு ராஜா கோடரியை இறக்கிவிட்டுக் காத்திருந்தான். திரும்பிப் பார்த்தால், அண்ணனும் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு லெட்சுமி போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"நெசமாவே உக்காந்துட்டாரு மேரி" என்றேன்.

"ஏம்பா இத்தன நாளா யாரு வீட்லயும் உக்காரல?" என்று ஸ்பீக்கர் கேட்டது.

அண்ணன் திரையைப் பார்த்தபடியே சொன்னார். "எங்க போனாலும் உங்க அம்மாதான் 'போலாமா'ன்னு கேப்பா. அப்பத்தான் நான் எழும்புவேன். இப்ப உக்காந்துட்டா, எப்ப எழும்பறதுன்னு தெரியலம்மா."



"இனிமே நான் கேக்கறேன்பா" என்றாள் மேரி.

அதற்குப் பிறகு நடந்ததை நான் ஊரெங்கும் சொல்லியிருக்கிறேன். நாங்கள் எழுந்தோம், என் வாள் இடியை இரண்டாகப் பிளந்தது, அண்ணன் கேடயத்தால் ஓர் இடி இடித்தார், எலும்பு ராஜா குளுவாங் வரை உருண்டுபோனான், ஜொகூரின் செம்பனை மரங்களெல்லாம் குனிந்து வணங்கின.

அதன் பிறகு ஞாயிறுதோறும் அண்ணன் எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து மகளுக்குப் போன் போடுவார். ரீத்தா அக்காவின் மீன் கறியில் தொடங்கி உலகத்தையே சுற்றி வருவார்கள். சாயா முழுதாகக் காலியாகும். கடைசியில் போனிலிருந்து "போலாமாப்பா?" என்று கேட்கும். அவர் எழுந்துவிடுவார். வார நாளில் மட்டும் பழையபடி கேட்டில் நிற்பார். பழக்கம் எளிதில் போகுமா?

சவப்பெட்டியைத் தூக்கும் நேரம் வந்தபோது மேரி குனிந்து என்ன சொன்னாள் என்று பலர் என்னைக் கேட்டார்கள். அந்த ஒரே சொல்தான்.

அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த நாற்காலியும், பெயர் வைக்கும் கலையும். லெட்சுமி கோபத்தோடு சமையலறையிலிருந்து வரும்போது மனதுக்குள் 'லாரி ரிவர்ஸ்' என்று சொல்லிக்கொள்கிறேன். கால் தானாக வீட்டு முன்பக்கம் வந்துவிடுகிறது.

இனி உண்மை. நாங்கள் எலும்பு ராஜாவை வெல்லவில்லை. எழுந்து அடிக்கவே மறந்துபோனோம். அப்பாவும் மகளும் பேசிக்கொண்டே இருந்தார்கள், அப்படியே மாலையாயிற்று, திரை இருண்டது, விளையாட்டு மூடப்பட்டது. மலை விலகியது பொய், ரயில் கிளம்பியது பொய், என் வாள் பெரும்பொய். அவர் உட்கார்ந்தார் என்பது மட்டும் உண்மை.