குதித்துக் கரைத்த இரண்டு இட்லி

இன்று தி.நகர் போகும் பஸ்ஸில் என்னோடு பள்ளியில் படித்த வசந்தாவைப் பார்த்தேன். இப்போது அவள் டாக்டர்.

"என்னடி, கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சு?" என்றாள்.

மடியில் கைக்குழந்தையோடு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பிரசவத்துக்குப் பிறகு பெருத்துவிட்டேன் என்று, கதவைச் சாத்திக்கொண்டு வாரப் பத்திரிகையில் வந்த உடற்பயிற்சியைச் செய்கிறேன். ராத்திரிச் சாப்பாடும் கிடையாது. இடுப்பு குறையவில்லை, பால்தான் குறைந்துவிட்டது. குழந்தை பசியில் அழுகிறாள். சொல்லும்போதே எனக்கும் அழுகை வந்துவிட்டது.

வசந்தா சிரிக்கவில்லை.

"அரைமணி குதிச்சா ரெண்டு இட்லி கரையும், அவ்வளவுதான். இவளுக்குப் பால் கொடுக்கறதுல அதைவிட ஜாஸ்தி கலோரி செலவாறது. நீ பட்டினி கிடந்தா பால் எங்கேர்ந்துடி வரும்? வயிறாரச் சாப்பிடு, தானா சுரக்கும்."

நெஞ்சிலிருந்து ஒரு பாறை இறங்கியது. பாண்டி பஜாரில் இறங்கியதும் நேரே ஓட்டல் ஃபேமிலி ரூமுக்குப் போய் நெய் ரோஸ்ட் சாப்பிட்டேன். கூச்சப்படவே இல்லை.

சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்தவர், "இன்னிக்கு எக்ஸர்சைஸ் பண்ணலையா?" என்று கேட்டார்.

பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தையைக் காட்டி, "பண்ணிண்டுதானே இருக்கேன்" என்றேன்.

அவருக்கு இன்னும் புரியவில்லை. உங்களில் யாராவது விளக்கிச் சொல்லுங்களேன்.